நிபுணர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் உங்கள் முதலீட்டு நம்பிக்கை எது?

தலைகீழ்வௌவால்:

எங்கே போனாலும் ஒரே பாட்டுதான்: செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்டில், அதாவது ஒரு சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை எல்லாம் மொத்தமாக வாங்கி வைக்கும் ஃபண்டில் போடு, பரவலாகப் போடு, தொடாதே, முப்பது வருடம் கழித்து வந்து பார். அது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருக்கும், ஆலோசகர் எதிரில் உட்கார்ந்து அதைச் சொன்னால் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நம்மை ஒரு பார்வை பார்ப்பாரே, அந்த மாதிரி ஒன்று. அதைச் சொல்லுங்கள். ஒரே நிபந்தனை, உங்கள் சொந்தப் பணம் அதில் இருக்க வேண்டும். வாய்ச்சவடால் வேண்டாம்.

முதலில் நானே சொல்கிறேன். என் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் ரொக்கம், அதாவது வங்கி வைப்பும் குறுகிய காலப் பத்திரங்களும். அவசரச் செலவுக்கான ஆறு மாதப் பணம் இதில் சேர்த்தி இல்லை, அது தனி. சந்தை விழுந்தால் வாங்கலாம் என்று காத்திருக்கிற பணமும் இல்லை. சும்மா கிடக்கிறது. பணவீக்கம் அதைக் கரையான் மாதிரி அரிக்கிறது என்று தெரியும், தெரிந்துதான் வைத்திருக்கிறேன்.

காரணம் 2020 மார்ச். பிப்ரவரி 19 அன்று உச்சத்தில் இருந்த எஸ் அண்ட் பி 500, அமெரிக்காவின் ஐந்நூறு பெரிய நிறுவனங்களின் பங்குக் குறியீடு, மார்ச் 23க்குள் சுமார் 34 சதவீதம் இறங்கியது. அந்த மாதத்தில் மட்டும் நான்கு நாள் அமெரிக்கச் சந்தையில் வர்த்தகத்தையே கால் மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். ஒரு ராத்திரி படுத்துக்கொண்டே செயலியைத் திறந்தேன், எல்லாவற்றையும் விற்பதற்கான பக்கம் வரை போய்விட்டேன், கடைசியாக உறுதிசெய்கிற பொத்தான் வந்தது, அதைத் தொடாமல் நூலிழை உயரத்தில் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, திரை தானாக அணைந்துவிட்டது. கறுத்த திரையில் என் முகம்தான் தெரிந்தது. அப்போது மனதில் ஓடியது ஒன்றே ஒன்று: அந்த மூன்றில் ஒரு பங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன்.

கணக்குப்பிள்ளை:

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், ஆகவே பேனாவைக் கீழே வைக்கிற ஆள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பங்கு வருடத்துக்கு 7 சதவீதம், ரொக்கம் 3 சதவீதம் தருவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். முழுக்கப் பங்கில் போட்ட 100 முப்பது வருடத்தில் 761 ஆகும். மூன்றில் ஒரு பங்கை ரொக்கமாக வைத்து அப்படியே விட்டால் 588. நடுவில் இருக்கிற 173 எங்கே போனது? அந்த ஒரு ராத்திரித் தூக்கத்துக்குப் போனது. நீங்கள் போட்ட அசலே 100தான் என்பதையும் நினைவில் வையுங்கள். அவ்வளவு விலை கொடுத்து யாராவது தூங்குவார்களா?

ஆலமரத்தடி:

தூங்காதவர்களிடம் கேளுங்கள், கொடுப்பார்கள்.

மூன்றாம்கண்:

கணக்குப்பிள்ளை ஐயா சொல்கிற கணக்கு சரி. ஆனால் இந்தக் கணக்கு போடும் முறைக்கே அப்பன் ஒருவர் இருக்கிறார், ஹாரி மார்கோவிட்ஸ். எவ்வளவு லாபத்துக்கு எவ்வளவு ஏற்ற இறக்கத்தைத் தாங்கலாம், எதை எதோடு கலக்கலாம் என்று 1952ல் கணிதமாக எழுதினார், அதற்காக 1990ல் நோபல் வாங்கினார். அவருடைய சொந்த ஓய்வூதியப் பணத்தை எப்படிப் பிரித்தார் தெரியுமா? பாதி பங்கு, பாதி கடன் பத்திரம். தன் சூத்திரத்தைப் போட்டுப் பார்க்கவே இல்லை. பங்கு ஏறும்போது நான் வெளியே நின்றால் வயிறு எரியும், விழும்போது முழுசாக உள்ளே இருந்தாலும் எரியும், இரண்டில் எது வந்தாலும் பாதிதான் எரியட்டும் என்று செய்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இது அவருக்கு இழுக்கு என்று நான் நினைக்கவில்லை. சூத்திரத்தில் மனுஷன் என்று ஒரு எழுத்து கிடையாது, அவருக்கு அது தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:

அந்தக் கதையைச் சொல்லாத கருத்தரங்கே கிடையாது. அவர் பிரித்தது பத்திரத்தில், வங்கி வைப்பில் இல்லை.

ஓட்டைச்சட்டி:

பத்திரம் மட்டும் என்ன வாழ்ந்தது! என்னுடைய எதிர்ப்பு நம்பிக்கையே இதுதான்: நீண்ட காலப் பத்திரம் பாதுகாப்பானது இல்லை, பாதுகாப்பு மாதிரி வேஷம் போட்ட ஊக வணிகம். ஆஸ்திரியா 2020ல் நூறு வருடப் பத்திரம் ஒன்று வெளியிட்டது, வட்டி 0.85 சதவீதம், அசல் 2120ல் வரும். அரசாங்கம் கொடுக்கிறது, ஒரு காசு ஏமாற்றாது, எல்லாம் உண்மைதான். ஆனால் வெளியில் புதுப் பத்திரங்களின் வட்டி வெறும் 2.5 சதவீதம் ஆனால் போதும், குறைந்த வட்டித் தாளை யார் முழு விலைக்கு வாங்குவார்கள், அந்தத் தாளின் விலை நூறிலிருந்து கிட்டத்தட்ட நாற்பதுக்கு வந்துவிடும், காகிதமும் பென்சிலும் இருந்தால் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். வட்டி ஏறியது, விலையும் பாதிக்குக் கீழே போனது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் நிறுவனங்கள், அதாவது கணக்குப்பிள்ளை ஐயாவின் சகாக்கள்.

2022 இன்னும் மோசம். அமெரிக்காவில் பங்குகள் ஏறக்குறைய 18 சதவீதம் விழுந்தன. அந்த மாதிரி வருடத்தில் கைகொடுக்கும் என்று சொல்லித்தானே பத்திரத்தை விற்றார்கள்? மொத்தப் பத்திரச் சந்தைக் குறியீடு 13 சதவீதம் விழுந்தது. குடையே இடிதாங்கி ஆன கதை.

கணக்குப்பிள்ளை:

நீண்ட காலப் பத்திரம் விஷயத்தில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். ஆனால் வௌவாலுக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. 2020 மார்ச்சில் அந்த ரொக்கத்தை வைத்து வாங்கினீர்களா இல்லையா?

தலைகீழ்வௌவால்:

இல்லை.

செப்டம்பரில் கொஞ்சம் வாங்கினேன். அதற்குள் ஆகஸ்டிலேயே சந்தை பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

ஒற்றைப்பனை:

நான் வேறு பக்கம் வருகிறேன். பரவலாகப் போடு என்பதே அளவுக்கு மீறிப் போற்றப்படுகிறது என்பது என் எண்ணம். ஐந்நூறு கம்பெனியில் பங்கு வைத்திருக்கிறவனுக்கு அதில் நானூற்றுத் தொண்ணூறு என்ன தொழில் செய்கிறது என்றே தெரியாது. பொருளாதார மேதை கெயின்ஸ் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் பணத்தை நிர்வகித்தவர், முதலில் பொருளாதாரம் எந்தப் பக்கம் போகும் என்று கணித்து வாங்கி விற்றுக் கையைச் சுட்டுக்கொண்டார், அப்புறம் முப்பதுகளில் நன்றாகத் தெரிந்த சில நிறுவனங்களில் பெரிதாகப் போட்டு வைத்துக்கொள்வதுதான் வழி என்ற முடிவுக்கு வந்தார். தெரியாததில் நிறையப் போட்டுவிட்டு அதைப் பாதுகாப்பு என்று சொல்வது தப்பு என்று 1934ல் ஒரு கடிதமே எழுதினார்.

என்னிடம் ஏழு பங்குகள்தான். எட்டாவது வேண்டுமென்றால் ஒன்று வெளியே போக வேண்டும். ஒவ்வொன்றையும் வாங்குவதற்கு முன் ஒரு தாளில் ஏன் வாங்குகிறேன் என்று நாலு வரி எழுதித் தேதி போட்டு வைக்கிறேன், விற்கும்போது அந்தத் தாளைத்தான் முதலில் எடுப்பேன். பாதித் தடவை எழுதின காரணம் ஒன்று, விலை ஏறின காரணம் வேறொன்று. நான் நினைத்ததற்காக ஏறவில்லை, ஆனாலும் லாபம் என் சட்டைப்பையில்தான்.

கணக்குப்பிள்ளை:

கடைசி இரண்டு வரியை நீங்களே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள், உங்கள் வாதத்துக்கு எதிரான சாட்சி அதுதான்.

பேராசிரியர் ஹென்ட்ரிக் பெஸம்பைண்டர் 2018ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. 1926லிருந்து அமெரிக்காவில் பட்டியலான பங்குகளை எல்லாம் எடுத்துக் கணக்குப் பார்த்தார். சந்தை உண்டாக்கிய நிகரச் செல்வம் முழுவதும் ஏறக்குறைய 4 சதவீத நிறுவனங்களிலிருந்து வந்தது. மற்றவை எல்லாம் சேர்ந்து அரசின் குறுகிய காலப் பத்திர அளவுக்குத்தான் கொடுத்தன. ஏழு பங்கில் நான்கு, ஆயுள் முழுக்க வைத்திருந்தாலும், அந்தப் பத்திரத்தைக்கூட எட்டவில்லை. ஏழு பங்கு வைத்திருக்கிறேன் என்கிறீர்களே, சரியாக ஏழு!

ஒற்றைப்பனை:

அதே ஆய்வை நான் எனக்குச் சாதகமாகப் படிப்பேன். செல்வம் எல்லாம் 4 சதவீதத்தில் இருக்கிறது என்றால் தேடத்தானே வேண்டும்?

உப்புக்கல்:

தேடுகிறவர்களுக்கு என் கதை.

நான் வேலை பார்த்த நிறுவனத்தின் பங்கைத்தான் வாங்கிச் சேர்த்தேன். ஒன்பது வருடம். ஊழியர்களுக்குச் சலுகை விலை, அதோடு உள்ளேயே இருக்கிறோம், வெளியில் இருக்கிற ஆய்வாளனைவிட நமக்குத் தெரியாதா என்ற மிதப்பு. ஆர்டர் நிறைய வருகிறது, கூட ஆள் எடுக்கிறார்கள், சாயங்காலம் ஏழு மணிக்கும் விளக்கு எரிகிறது, இதெல்லாம் என் கண்ணால் பார்த்தது. ஒரு புதன்கிழமை காலையில் நுழைவு அட்டையைத் தேய்த்தால் கதவு திறக்கவில்லை. எனக்கு மட்டும் என்று நினைத்தேன், பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். சம்பளமும் போனது, சேமிப்பும் போனது, ஒரே நாளில், ஒரே காரணத்தால். அப்புறம் நிதானமாக யோசித்தபோதுதான் உறைத்தது, எனக்குத் தெரிந்தது என் மாடியைப் பற்றி மட்டும்தான். கடன் இருந்தது வேறு மாடியில்.

அமெரிக்க எரிசக்தி நிறுவனம் என்ரான் 2001 டிசம்பரில் திவாலானது. 2000ஆம் வருடக் கடைசியில் அதன் ஊழியர்களின் ஓய்வுக்காலத் திட்டப் பணத்தில் பாதிக்கு மேல் என்ரான் பங்காகவே இருந்தது. நான் அதைப் படித்தவன். படித்துவிட்டுத்தான் வாங்கினேன். நம்முடையது அப்படி இல்லை என்று தோன்றுகிறது பாருங்கள், அதற்கு மருந்தே கிடையாது.

ஒற்றைப்பனை:

வருந்துகிறேன் அண்ணா. இதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. நான் வேலை செய்கிற துறையில் ஒரு பங்குகூட வைத்துக்கொள்வதில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இளங்கன்று:

எனக்கு வயது 24, என் நம்பிக்கையைக் கேட்டால் எல்லோரும் அடிக்க வருவீர்கள். இளம் வயதில் கடன் வாங்கிப் பங்கில் போட வேண்டும். நான் சொல்லவில்லை, ஏல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இயன் ஐயர்ஸும் பேரி நேல்பஃபும் சொல்கிறார்கள். இப்போது என்னிடம் பணம் இல்லை, ஐம்பது வயதில் நிறைய இருக்கும், அப்போது மொத்தப் பணமும் ஒரே காலகட்டத்துச் சந்தையை நம்பி நிற்கும். இப்போதே இரண்டு மடங்காகப் போட்டால் ஆபத்து வாழ்நாள் முழுக்கப் பரவும். தர்க்கத்தில் ஓட்டை இருந்தால் காட்டுங்கள்.

ஓட்டைச்சட்டி:

தர்க்கத்தில் ஓட்டை இல்லை தம்பி. 100 உன்னுடையது, 100 கடன், ஆக 200. வௌவால் சொன்ன 34 சதவீத வீழ்ச்சி வந்தால் 132. கடனைக் கழித்தால் உன் கையில் 32. பொறுத்திருந்தால் திரும்பி வரும் என்பாய், ஆனால் பொறுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது நீ இல்லை, கடன் கொடுத்தவன். நீ எழுந்து பல் தேய்ப்பதற்குள் விற்று முடித்திருப்பான்.

இளங்கன்று:

அந்தப் பேராசிரியர்கள் அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள், இரண்டு மடங்குக்கு மேல் போகாதே என்று.

ஓட்டைச்சட்டி:

இரண்டு மடங்குக் கணக்கைத்தான் இப்போது போட்டேன்.

பின்வாசல்:

பேச்சு எங்கேயோ போய்விட்டது. என்னுடையது சின்னது. கையில் மொத்தமாகப் பணம் வந்தால் ஒரே நாளில் போடாமல் பன்னிரண்டு மாதமாகப் பிரித்துப் போடுவேன். வேன்கார்ட் என்ற ஃபண்ட் நிறுவனம் 2012ல் ஒப்பிட்டுப் பார்த்தது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு தடவை மொத்தமாகப் போட்டதுதான் ஜெயித்தது. அந்த மூன்றாவது தடவைதான் எனக்கு வரும் என்று எனக்குத் தெரியும். ஜாதகம் அப்படி.

ஆலமரத்தடி:

நீண்ட காலம் வைத்திருந்தால் பங்கு கண்டிப்பாக ஜெயிக்கும் என்பதை நான் நம்புவதில்லை. ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915ல் முடிந்தது, அந்த இடத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 வருடம்! 1989ல் முப்பது வயதுக்காரர் முழுப் பணத்தையும் போட்டிருந்தால் ஓய்வு பெறும்போதுதான் அசல் எண்ணையே பார்த்திருப்பார். அதைவிட மோசமாக, ரஷ்யாவில் 1917க்குப் பிறகும் சீனாவில் 1949க்குப் பிறகும் பங்கு வைத்திருந்தவர்களுக்கு நீண்ட காலம் என்று ஒன்றே இல்லாமல் போனது. நாம் பார்க்கிற அழகான வரைபடம் பிழைத்துக்கொண்ட நாட்டின் வரைபடம்.

கணக்குப்பிள்ளை:

ஜப்பான் உதாரணத்தில் ஈவுத்தொகையை விட்டுவிட்டீர்கள், அதைச் சேர்த்தால் கொஞ்சம் சீக்கிரம் மீண்டிருக்கும். மாதாமாதம் வாங்கிக்கொண்டே போனவருக்கு இவ்வளவு மோசம் இல்லை. ஆனால் நீங்கள் சொல்வதன் சாரத்தை மறுக்க மாட்டேன். ஒரே நாட்டில் போடாதே என்று நாங்கள் சொல்வதற்குக் காரணமே அதுதான், ஆகவே இது எங்களுக்கு எதிரான நம்பிக்கை இல்லை, எங்கள் பாடப்புத்தகத்தின் மூன்றாம் பக்கம்.

மூன்றாம்கண்:

பாடப்புத்தகம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இன்றைக்கு எல்லோரும் ஓதுகிற இண்டெக்ஸ் ஃபண்டே ஒரு காலத்தில் எதிர்ப்பு நம்பிக்கைதான். ஜான் போகிள் 1976ல் முதல் ஃபண்டைப் பொதுமக்களுக்குக் கொண்டுவந்தபோது 15 கோடி டாலர் திரட்டப் பார்த்தார், வந்தது 1.1 கோடி சொச்சம். போகிளின் பைத்தியக்காரத்தனம் என்றே பெயர் வைத்தார்கள். அப்புறம் பிரபல முதலீட்டாளர் வாரன் பஃபெட் 2008லிருந்து 2017 வரை பத்து வருடப் பந்தயம் கட்டினார், ஒரு பக்கம் எஸ் அண்ட் பி இண்டெக்ஸ் ஃபண்ட், இன்னொரு பக்கம் ஹெட்ஜ் ஃபண்டுகளில் (பணக்காரர்களுக்காக நிபுணர்கள் அதிகக் கட்டணத்துக்கு நடத்துபவை) முதலீடு செய்யும் ஐந்து ஃபண்டுகள். இண்டெக்ஸ் 125.8 சதவீதம் கொடுத்தது, எதிர்ப்பக்கத்தில் நன்றாகச் செய்ததே 87.7தான்.

இதில் இன்னொரு வேடிக்கை. சந்தை விலை எப்போதும் எல்லாச் செய்தியையும் உள்ளே வைத்திருக்கிறது என்ற யூஜின் ஃபாமாவுக்கும், சந்தை அடிக்கடி கிறுக்குப் பிடித்து ஆடுகிறது என்ற ராபர்ட் ஷில்லருக்கும் 2013ல் ஒரே மேடையில் நோபல் கொடுத்தார்கள். நிபுணர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நாம் பேசுகிறோமே, எந்த நிபுணர்கள்?

கணக்குப்பிள்ளை:

நியாயமான கேள்வி. உள்ளே இருப்பவனாக ஒன்று சொல்கிறேன். எங்கள் ஆலோசனையில் பாதி வாடிக்கையாளருக்கு, மீதி எங்கள் நாற்காலிக்கு. எல்லோரும் வைத்திருக்கிறதை நானும் வைத்திருந்து 30 சதவீதம் விழுந்தால், சந்தை விழுந்தது என்று ஒரு கடிதம் அனுப்பிவிட்டு வேலையைப் பார்ப்பேன். வௌவாலுக்கு மூன்றில் ஒரு பங்கு ரொக்கம் என்று நான் எழுதிக்கொடுத்துச் சந்தை 20 சதவீதம் ஏறினால், அடுத்த சந்திப்பில் அவரே என்னைக் கேட்பார், எதற்கு உங்களுக்குக் கட்டணம் என்று. தன் பணத்துக்குத் தானே முடிவெடுக்கிறவருக்கு இந்தப் பயம் இல்லை. அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். 173ஐ ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உப்புக்கல்:

அந்த 173 வருவதற்கு முப்பது வருடமும் ஒரு தடவைகூட பொத்தானை அமுக்காமல் இருந்திருக்க வேண்டும் ஐயா. 761 என்பது அமுக்காதவருக்கு வந்த எண். வௌவால் அந்த ராத்திரி அமுக்கியிருந்தால் என்ன எண் வரும்?

கணக்குப்பிள்ளை:

எப்போது திரும்ப உள்ளே வருகிறார் என்பதைப் பொறுத்தது. செப்டம்பர் என்று அவரே சொல்லிவிட்டார். அடியில் விற்று உச்சியில் வாங்குவது. அப்படி ஒரு தடவை செய்தாலே அசலில் ஒரு பகுதி போய்விடும். சரி, 588ஐ 761ஓடு ஒப்பிட்டது தப்பு, அமுக்கியவரின் எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு வேண்டுமா, ஐந்தில் ஒன்று போதாதா என்று இனி வேண்டுமானால் சண்டை போடலாம்.

தலைகீழ்வௌவால்:

ஐந்தில் ஒன்று என்றால் அந்த ராத்திரி நான் தூங்கியிருப்பேனா என்று தெரியவில்லை. அதைச் சோதித்துப் பார்க்க இன்னொரு மார்ச் வேண்டும், வேண்டாம் சாமி.

ஒரு நிபந்தனை போட்டேனே ஐயா, சொந்தப் பணம் என்று. இவ்வளவு பேசினீர்கள், உங்கள் பணம் எங்கே இருக்கிறது?

இளங்கன்று:

இரண்டு நாள் ஆகிவிட்டது, கணக்குப்பிள்ளை ஐயாவைக் காணோம்.

கணக்குப்பிள்ளை:

இருக்கிறேன். வேலை இருந்தது. பொய், யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வுக்காலப் பணம் முழுக்க உலகம் முழுவதற்குமான இண்டெக்ஸ் ஃபண்ட், அதில் நான் சொல்வதும் செய்வதும் ஒன்றுதான். ஆனால் வீட்டுக் கடன் இருந்தது, பன்னிரண்டு வருடம் பாக்கி, வட்டி சந்தையின் எதிர்பார்ப்பு வருமானத்தைவிட ரொம்பக் குறைவு. இந்த நிலையில் ஒரு வாடிக்கையாளர் வந்தால் அடைக்காதீர்கள், அந்தப் பணத்தை முதலீடு செய்யுங்கள் என்று அட்டவணை போட்டுக் காட்டுவேன். எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன். என் கடனை ஒரே தவணையில் அடைத்துவிட்டேன்.

ஓட்டைச்சட்டி:

எப்போது அடைத்தீர்கள்?

கணக்குப்பிள்ளை:

2021 ஜனவரி. வட்டி விகிதங்கள் தரையில் கிடந்த சமயம். கணக்குப்படி அதைவிட மோசமான மாதத்தைத் தேடிப் பிடிக்க முடியாது.

தலைகீழ்வௌவால்:

அன்றைக்கு ராத்திரி?

கணக்குப்பிள்ளை:

ஒன்பதரைக்கே படுத்துவிட்டேன். வீட்டில் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.